கயிற்றில் நம் நாய், எதிரே அவிழ்த்துவிட்ட நாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்காவில் நாயோடு நடக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. பல வருடங்களாக நாய்களோடு பூங்காக்களில் நடக்கிறேன். புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்கு, நாயைக் கயிற்றில் நடக்கப் பழக்கியும் கொடுக்கிறேன். பெரும்பாலானவர்கள் ஒரு மோசமான அனுபவத்துக்குப் பிறகுதான் கேட்க வருகிறார்கள். அதற்கு முன்பே கையில் கிடைக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். லீஷ், பெல்ட், செயின், வார் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் கயிறு என்றே எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

1. என் நாய் கயிற்றில் இருக்கிறது, எதிரில் வருவது அவிழ்த்துவிட்ட நாய். இதில் என்ன பெரிய பிரச்சினை? நாய்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளாதா?

இரண்டுமே அவிழ்ந்திருந்தால் பல சமயம் பார்த்துக்கொள்ளும். முன்பின் தெரியாத இரண்டு நாய்கள் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவதில்லை. வளைந்து வரும், நடுவில் நின்று தரையை முகரும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பிறகு பக்கவாட்டில் வந்து பின்புறத்தை முகரும். பிடிக்கவில்லை என்றால் ஒன்று விலகிப் போய்விடும். அந்த விலகல்தான் நிறைய சண்டைகளைத் தடுக்கிறது.

கயிற்றில் இருக்கும் நாயால் வளைந்து போகவும் முடியாது, விலகவும் முடியாது. பாதையின் குறுகலும் நம் கையின் இழுப்பும் சேர்ந்து அதை நேராக நிறுத்திவைக்கின்றன. ஓட முடியாத நாய்க்கு உறுமுவதும் பாய்வதும்தான் மிச்சம். கயிற்றை மாட்டிய நொடியில், எவ்வளவு தூரத்தில் இருப்பது என்று முடிவு செய்யும் சுதந்திரத்தை நாம் அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறோம். வாங்கிக்கொண்ட பிறகு அந்த முடிவை அதற்காக நாம்தான் எடுத்தாக வேண்டும். கீழே வரும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து வருபவைதான்.

2. வாலை ஆட்டிக்கொண்டுதானே ஓடி வருகிறது? அப்புறம் ஏன் பயப்பட வேண்டும்?

வால் ஆடுவது, நாய் கிளர்ச்சியில் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். அது சந்தோஷக் கிளர்ச்சியா இல்லையா என்பதை மற்ற உடம்பில் பார்க்க வேண்டும். இடுப்பும் சேர்ந்து நெளிய, வாய் லேசாகத் திறந்து, தளர்ந்த உடம்போடு, வளைந்து வளைந்து வந்தால் நல்ல அறிகுறி. முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் விளையாட அழைக்கிறது. வால் செங்குத்தாக நின்று நுனி மட்டும் விறைப்பாகத் துடிக்க, வாய் மூடி, எடை முன்னங்கால்களில் சாய, கண் இமைக்காமல் நேர்கோட்டில் வந்தால் அது வேறு சேதி. தலையைத் தாழ்த்திப் பதுங்கி, நின்று, பிறகு திடீரென்று பாய்ந்து வருவதையும் அலட்சியப்படுத்தக் கூடாது. பிடரி மயிர் சிலிர்ப்பதைக் கண்டதும் பலர் கடிக்கப் போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பயத்திலும் சிலிர்க்கும், அதீத உற்சாகத்திலும் சிலிர்க்கும்.

வருகிற நாயைவிட முக்கியமாக உங்கள் நாயைப் பாருங்கள். உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, உங்கள் கால்களுக்குப் பின்னால் ஒதுங்குவது எல்லாம் ‘எனக்கு இது வேண்டாம்’ என்பதற்கான அடையாளங்கள். நார்வேயைச் சேர்ந்த நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ருகாஸ் இவற்றில் பலவற்றை ‘அமைதிப்படுத்தும் சைகைகள்’ என்று பெயரிட்டு உலகம் முழுக்கப் பிரபலமாக்கினார். உங்கள் நாய் வேண்டாம் என்றால், வருவது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் அந்தச் சந்திப்பு நடக்கக் கூடாது.

3. வாக்கிங் போகும்போது கையில் என்னென்ன வைத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் கயிறு. ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் நீளமுள்ள, நீளம் மாறாத சாதாரணக் கயிறு போதும். பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் வகையைப் பூங்காவுக்குக் கொண்டுவராதீர்கள். ஆபத்து வரும் நேரத்தில் நாய் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும், மெல்லிய நூல் காலிலோ விரலிலோ சுற்றினால் அறுத்துவிடும், கைப்பிடி நழுவினால் சத்தத்தோடு நாயைத் துரத்திக்கொண்டே போகும். எந்தக் கயிறானாலும் மணிக்கட்டிலும் விரல்களிலும் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் ஒரே பாய்ச்சலில் விரலை முறித்துவிடும். கைப்பிடி வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, மீதிக் கயிற்றை உள்ளங்கையில் மடித்துப் பிடியுங்கள்.

கழுத்துப்பட்டையைவிட, மார்பைச் சுற்றி வரும் ஹார்னெஸ் நல்லது. முதுகுப்பக்கம் கைப்பிடி இருந்தால் இன்னும் நல்லது. இழுத்தால் கழுத்தை நெரிக்கிற, குத்துகிற வகைகள் இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. வேறு நாயைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த வலியை அந்த நாயோடுதான் உங்கள் நாய் முடிச்சுப் போடும். இடுப்பில் ஒரு சிறிய பை, அதில் மணமுள்ள தின்பண்டம் கைப்பிடி அளவாவது. ஒரு தண்ணீர் பாட்டில். பட்டனை அழுத்தினால் பட்டென்று விரியும் குடை, அதுவும் உங்கள் நாய் அதற்குப் பழகியிருந்தால் மட்டும்.

மிளகுத் தெளிப்பானைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நான் வைத்துக்கொள்வதில்லை. காற்று திரும்பினால் உங்கள் கண்ணிலும் உங்கள் நாயின் கண்ணிலும்தான் விழும். வலியில் மேலும் மூர்க்கமாகும் நாய்களும் உண்டு. சில நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம்.

4. தூரத்திலேயே ஒரு அவிழ்த்துவிட்ட நாய் தெரிகிறது. இன்னும் எங்களைப் பார்க்கவில்லை. என்ன செய்யட்டும்?

திரும்புங்கள். இதைச் செய்யத்தான் நிறைய பேருக்கு மனம் வருவதில்லை. ‘நான் ஏன் வழிவிட வேண்டும், நான்தானே ஒழுங்காகக் கயிற்றில் பிடித்திருக்கிறேன்’ என்று தோன்றும். நியாயமான கோபம்தான். ஆனால் அந்த நியாயத்தை நிரூபிக்க உங்கள் நாயைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

திரும்புவதற்கு ஒரு சொல்லைப் பழக்கி வையுங்கள். ‘வா போலாம்’ என்று உற்சாகமான குரலில் சொல்லி, அப்படியே உடம்பைத் திருப்பி எதிர்ப்பக்கம் நடந்து, நாய் கூட வந்ததும் ஒரு தின்பண்டம். வீட்டுக்குள், பிறகு வாசலில், பிறகு ஆளில்லாத நேரத்துப் பூங்காவில் என்று நூறு முறையாவது செய்யுங்கள். எந்த ஆபத்தும் இல்லாத நாட்களிலும் நடுநடுவே செய்யுங்கள். ஆபத்து வரும்போது மட்டும் சொன்னால், அந்தச் சொல்லே நாய்க்கு எச்சரிக்கை மணி ஆகிவிடும்.

திரும்ப வழியில்லை என்றால் பாதையை விட்டு விலகி, பெரிய வட்டமாகச் சுற்றிப் போங்கள். நிறுத்தியிருக்கும் வண்டி, புதர், மரம், சுவர் எதையாவது நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையொன்று பார்க்க முடியாமல் போனாலே பாதிப் பதற்றம் இறங்கிவிடும். உரிமையாளர் கண்ணில் பட்டால் அப்போதே குரல் கொடுங்கள். என்ன சொல்வது என்பது 8ஆம் கேள்வியில் இருக்கிறது.

5. திரும்ப நேரமே இல்லை. நேராக எங்களை நோக்கி ஓடி வருகிறது!

உங்கள் நாயைக் கயிற்றைச் சுருக்கி உங்களுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். சுருக்குவது என்றால் இறுக்கி மேலே தூக்குவது என்று அர்த்தமில்லை. நீளத்தைக் குறைத்து, ஒரு சாண் தொய்வு விடுங்கள். என் நாய் மணியை முதன்முதலாக வேறொரு நாய் துரத்தி வந்தபோது நான் பயத்தில் கயிற்றை மேலே இழுத்துப் பிடித்தேன். அவன் முன்னங்கால்கள் தரையிலிருந்து எழும்பின, நெஞ்சு முன்னால் துருத்தியது. வந்த நாயின் கண்ணுக்கு அது சண்டைக்கு நிற்கும் நாயாகத் தெரிந்திருக்கும். மணியின் தோளில் இருந்த தழும்பைத் தடவும்போதெல்லாம் அந்தக் காட்சி எனக்கு நினைவுக்கு வரும்.

நாய் பின்னால் வந்ததும், நீங்கள் ஒரு அடி முன்னால் வைத்து நிமிர்ந்து நில்லுங்கள். உள்ளங்கையைக் காட்டிக் கையை நீட்டி, தாழ்ந்த அழுத்தமான குரலில் ‘நில்!’ அல்லது ‘உட்கார்!’ என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். யாரோ வீட்டில் வளர்த்த நாயாக இருந்தால் அந்தக் கையும் குரலும் அதற்குப் பழக்கமானவை. எத்தனையோ நாய்கள் குழம்பி நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கிறீச்சென்று கத்தினால் எதிர் விளைவுதான் வரும்.

நிற்கவில்லை என்றால் கைப்பிடித் தின்பண்டத்தை அதன் முகத்துக்கு நேராக, தரையில் சிதறும்படி வீசுங்கள். ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கும் நேரத்தில் நீங்கள் விலகிவிடலாம். உண்மையிலேயே கோபத்தோடு வரும் நாய் தின்பண்டத்தைக் கண்டுகொள்ளாது. அப்போதுதான் குடையை அதற்கும் உங்களுக்கும் நடுவில் விரிக்க வேண்டும். குடை இல்லாவிட்டால் பையோ மேல்சட்டையோ, நடுவில் பிடிக்க எது கிடைத்தாலும் சரி.

6. தின்பண்டம் வீசினால் அது தினமும் எங்களைத் தேடி வராதா?

வரலாம். அதனால்தான் இது அவசரத்துக்கு மட்டும். அந்த நாய்க்கு ஒவ்வாமை இருக்குமோ என்று தயங்குகிறவர்களும் உண்டு, நல்ல மனசுதான். ஆனால் ஒரு கடியோடு ஒப்பிட்டால் அது சின்னக் கவலை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: உங்கள் காலடியில் போடாதீர்கள், தூரமாக வீசுங்கள். இரண்டு நாய்களுக்கும் நடுவில் விழுந்த தீனியே சண்டைக்குக் காரணமாகிவிடும்.

7. ஓடிவிடலாமா?

வேண்டாம். ஓடுவதைத் துரத்துவது நாயின் ரத்தத்தில் ஊறியது. அதைவிட வேகமாக நம்மால் ஓடவும் முடியாது. பக்கவாட்டில் திரும்பி, கண்ணை உற்றுப் பார்க்காமல், ஆனால் அதை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டே மெல்ல நடந்து விலகுங்கள்.

8. ‘எங்க நாய் ஒண்ணும் பண்ணாது’ என்று உரிமையாளர் தூரத்திலிருந்து கத்துகிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாய் அன்பானதாகவே இருக்கலாம். எதிரில் இருப்பது எப்படிப்பட்ட நாய், அதற்கு என்ன நடந்திருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. அறுவை சிகிச்சை முடிந்து நடப்பதாக இருக்கலாம், வயதாகி இடுப்பு வலியோடு நடப்பதாக இருக்கலாம், கண் தெரியாததாக இருக்கலாம்.

அந்த நேரத்தில் விளக்கம் சொல்லவோ வாதாடவோ நேரமில்லை. அவர் செய்ய வேண்டிய ஒரே வேலையைச் சத்தமாக, மரியாதையாகச் சொல்லுங்கள்: ‘உங்க நாயைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க, ப்ளீஸ்!’ பதிலுக்கு ‘பயப்படாதீங்க’ என்றால், ‘என் நாய் கடிச்சிடலாம், பிடிச்சுக்கோங்க’ என்று சொல்லுங்கள். பயந்த எந்த நாயும் கடிக்கலாம், அதனால் இதில் பொய் ஏதுமில்லை. தொற்று நோய் இருக்கிறது என்று சொல்லச் சிலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். பலிக்கும்தான். ஆனால் தினமும் பார்க்கிற மனிதர்களிடம் எனக்கு அப்படிச் சொல்ல வருவதில்லை.

அவர் நாயைப் பிடித்ததும் ‘ரொம்ப நன்றி’ என்று சொல்லிவிட்டு நடந்துவிடுங்கள். அடுத்த முறை உங்களைப் பார்த்ததுமே அவர் கயிற்றை மாட்டுவதற்கு அந்த ஒரு நன்றி போதும். பலரிடம் இது நடந்திருக்கிறது.

9. எங்களுடையது சின்ன நாய். தூக்கிக்கொள்ளலாமா?

‘தூக்கவே கூடாது’ என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது கிலோ நாய் விறைப்பாக ஓடி வரும்போது மூன்று கிலோ நாயைத் தரையில் விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை. பெரிய நாய் வாயில் கவ்வி ஒரு உதறு உதறினாலே சின்ன நாயின் உயிர் போய்விடக்கூடும்.

ஆனால் தூக்கினால் வந்த நாய் உங்கள்மேல் தாவலாம், கடி உங்கள் கையில் விழலாம். தெரிந்தே தூக்குங்கள். நாய் பக்கத்தில் வருவதற்கு முன்பே, பதறாமல், ஒரு கையை மார்புக்கு அடியிலும் மறு கையைப் பின்புறத்துக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, உங்கள் உடம்போடு அணைத்து, வந்த நாய்க்கு முதுகையோ தோளையோ காட்டி நில்லுங்கள். தலைக்கு மேல் உயர்த்தவோ இப்படியும் அப்படியும் ஆட்டவோ கூடாது. அது இன்னும் தாவத்தான் தூண்டும். ‘மேலே வா’ என்று சொன்னதும் தூக்குவதை வீட்டில் பழக்கியிருந்தால் அந்த நேரத்தில் நாய் திமிறாது. பக்கத்தில் உயரமான திண்ணையோ வண்டியின் கூரையோ இருந்தால், கையில் வைத்துக்கொள்வதைவிட அங்கே ஏற்றிவிடுவது மேல்.

10. எவ்வளவு தடுத்தும் வந்துவிட்டது. இரண்டும் முகர்ந்துகொண்டிருக்கின்றன. இப்போது கயிற்றை இழுக்கவா, விடவா?

இழுக்காதீர்கள். வந்த நாயின் உடம்பு தளர்வாக இருந்தால் கயிற்றைத் தொய்வாக விட்டு, இரண்டும் சுற்றும்போது நீங்களும் கூடவே சுற்றுங்கள். கயிறு இரண்டின் கால்களுக்குள் சிக்கக் கூடாது, அவ்வளவுதான். மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். மூன்றானதும் மூச்சை விட்டு, சாதாரணக் குரலில் ‘வா போலாம்’ என்று சொல்லி நகருங்கள். 4ஆம் கேள்வியில் பழக்கச் சொன்ன அதே சொல்தான்.

இரண்டில் ஒன்று சிலைபோல உறைந்தாலோ, ஒன்றின் கழுத்து மற்றதன் தோளுக்கு மேல் ஏறினாலோ மூன்று வரை எண்ண வேண்டாம். உடனே நகருங்கள்.

11. ஆபத்து என்றால் என் நாயின் கயிற்றை முழுவதுமாக விட்டுவிடலாமா? அது தப்பித்து ஓடிவிடுமே?

எளிதான பதில் இல்லாத கேள்வி. சாலை பக்கத்தில் இருந்தால் விடவே கூடாது. பயந்து ஓடும் நாய் வண்டியைப் பார்க்காது. சுற்றுச்சுவரும் மூடிய கதவும் உள்ள பூங்கா, கூப்பிட்டால் வரும் நாய், வந்த நாய் மிரட்டுகிறதே தவிர இன்னும் கடிக்கவில்லை என்கிற மூன்றும் சேர்ந்திருந்தால், விடுவதால் 1ஆம் கேள்வியில் சொன்ன விலகும் சுதந்திரம் அதற்குத் திரும்பக் கிடைக்கும். சில சமயம் பிரச்சினை அத்தோடு முடிந்துவிடும். உங்களைக் கீழே தள்ளும் அளவுக்குப் பெரிய நாய்கள் மோதும்போது, அல்லது கயிறு உங்கள் காலைச் சுற்றிவிட்டபோது, விடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. மற்ற நேரங்களில் நான் விடுவதில்லை.

12. சண்டை தொடங்கிவிட்டது. எப்படிப் பிரிப்பது?

முதலில் எதைச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாய்களுக்கும் நடுவில் கையை விடாதீர்கள். சண்டையில் நாய்க்கு உங்கள் கை என்று தெரியாது. நாய்ச் சண்டையை விலக்கப் போனவர்களின் கைகளில் இருக்கும் தழும்புகளில் சொந்த நாயே கடித்தவையும் உண்டு. உதைக்காதீர்கள், அடிக்காதீர்கள், கத்திக்கொண்டே இருக்காதீர்கள்.

வெறும் சத்தமாகவே இருக்கும் சண்டைகள் நிறைய. உறுமலும் பல்லும் பயங்கரமாகத் தெரியும், சில நொடிகளில் தானே ஓயும். பாட்டில் தண்ணீரை மூக்கிலும் கண்ணிலும் ஊற்றுங்கள், குடையைப் பட்டென்று நடுவில் விரியுங்கள், ஒரு துணியைத் தலைகளின் மேல் போடுங்கள். ஓயவில்லை என்றால் பின்கால்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு பேர் இருந்தால் ஆளுக்கொரு நாய். பின்னங்கால்களின் மேல்பகுதியை, தொடை இடுப்போடு சேரும் இடத்தில், இரண்டு கைகளாலும் பிடித்து, ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியைத் தூக்குவதுபோலத் தூக்கி, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னோக்கி வளைந்து நடக்க வேண்டும். வளைந்து நடப்பது முக்கியம். நாய் நேராக நிற்க முன்னங்கால்களை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் திரும்பி உங்களைக் கடிப்பது கடினம். தூக்கிய நாயைப் போதிய தூரம் போகும்வரை இறக்கக் கூடாது. தனியாக இருந்தால், ஒரு நாயின் இடுப்பைச் சுற்றிக் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கம்பத்திலோ மரத்திலோ கட்டிவிட்டு, அப்புறம் மற்றதைப் பின்னால் இழுக்கலாம்.

ஒரு நாய் கவ்விய பிடியை விடாமல் வைத்திருந்தால் மேலே சொன்னபடி இழுக்காதீர்கள், சதை கிழிந்துவிடும். அதன் பின்னால் கால்களை அகற்றி நின்று, கழுத்துப்பட்டையைப் பிடரிப் பக்கமாகப் பிடித்து, மேல்நோக்கி இறுக்கிக்கொண்டே இருங்கள். மூச்சுக்குத் திணறும்போது வாய் திறக்கும். திறந்த நொடியில் நேராகப் பின்னால் எடுத்துவிட வேண்டும். கடி வாங்கிய நாயையும் அந்த நேரத்தில் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

13. சண்டை முடிந்தது. ரத்தம் பெரிதாக இல்லை. மருத்துவரிடம் போகத்தான் வேண்டுமா?

போங்கள், அன்றைக்கே. நாயின் கோரைப்பல் சின்ன ஓட்டைதான் போடும், ஆனால் ஆழமாக இறங்கும். மேல்தோல் நகர்ந்து மூடிக்கொள்ள, உள்ளே தசை பிரிந்து, கிருமி அடைபட்டு, இரண்டு மூன்று நாளில் சீழ்க்கட்டியாகும். மணியின் ரோமத்துக்குள் ஒரே ஒரு புள்ளிதான் தெரிந்தது; மருத்துவர் ரோமத்தை மழித்தபோது நான்கு ஓட்டைகள் இருந்தன. கவ்வி உதறப்பட்ட சின்ன நாய்க்கு வெளியே காயமே இல்லாமல் உள்ளே விலா எலும்பும் நுரையீரலும் அடிபட்டிருக்கலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, எழுந்திருக்க மறுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோஃபென் நாய்க்கு விஷம், பாராசிட்டமாலும் ஆபத்தானது. எதிர் நாயின் ரேபிஸ் தடுப்பூசிச் சீட்டைக் கேட்டு வாங்கிப் படமெடுத்துக்கொள்ளுங்கள், உரிமையாளரின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், கடிபட்டதை மருத்துவரிடம் சொன்னால் ஊக்கத் தவணை (பூஸ்டர் ஊசி) தேவையா என்று அவர் முடிவு செய்வார்.

14. விலக்கும்போது என்னையும் கடித்துவிட்டது. லேசான கீறல்தான்.

வேறு எதற்கும் முன்பு குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்தே கழுவுங்கள். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. பிறகு கிருமிநாசினி, பிறகு மருத்துவமனை. காயத்தை இறுக்கிக் கட்டவும் வேண்டாம், எதையாவது அப்பவும் வேண்டாம்.

ரேபிஸ் அறிகுறி தோன்றிவிட்டால் கிட்டத்தட்ட யாரையும் காப்பாற்ற முடியாது. அறிகுறிக்கு முன் தடுப்பூசி போட்டால் காப்பாற்றலாம். ரேபிஸ் உள்ள நாடுகளில் கடித்த நாயைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப் போடக் கூடாது. முதல் ஊசியை உடனே போட்டுக்கொள்ள வேண்டும், கவனிப்பு அதன்பாட்டுக்கு நடக்கட்டும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும், ரேபிஸை உடனடியாக எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்கள். உங்கள் சொந்த நாய் கடித்திருந்தாலும் இதே வரிசைதான்.

15. அந்தச் சண்டைக்கு அப்புறம் எந்த நாயைப் பார்த்தாலும் குரைத்துப் பாய்கிறது. முன்பு இப்படி இல்லை. நல்ல நாயைக் கெடுத்துவிட்டோமா?

கெடவில்லை, பயந்திருக்கிறது. ‘பக்கத்தில் வராதே’ என்று குரைத்துச் சொல்லக் கற்றிருக்கிறது. குரைத்ததும் எதிர் நாய் போய்விடுவதால் (அது தன் வழியில்தான் போகிறது, ஆனால் உங்கள் நாய்க்கு அது தெரியாது) குரைப்பது பலிக்கிறது என்று நம்பிவிடுகிறது. இந்த நேரத்தில் அதட்டினாலோ கயிற்றைச் சுண்டினாலோ உறுமல் நின்றுபோகலாம். பயம் நிற்காது. உறுமாமலே கடிக்கும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன.

முதல் சில நாட்கள் பூங்காவையே விட்டுவிடுங்கள். பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு உடம்பில் ஏறிய பதற்றம் இறங்க நாள் பிடிக்கும். அதற்குள் இன்னொரு அதிர்ச்சி வந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிக்கொள்ளும். வீட்டில் முகர்ந்து தேடும் விளையாட்டு, மெல்லுவதற்கு ஏதாவது, நீண்ட தூக்கம் போதும்.

அப்புறம் தூரத்திலிருந்து தொடங்குங்கள். வேறு நாயைப் பார்த்தும் உங்கள் நாய் தின்பண்டம் வாங்கிச் சாப்பிட முடிகிற தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது மீட்டராக இருக்கலாம், நூறாகவும் இருக்கலாம். அங்கே நின்று, நாய் கண்ணில் பட்டதும் தின்பண்டம், அது மறைந்ததும் தின்பண்டம் நிறுத்தம். மணியோசையோடு தீனி கொடுத்துப் பழக்கியதால், விஞ்ஞானி பாவ்லோவின் நாய்க்கு மணியோசை கேட்டாலே எச்சில் ஊறியது என்று படித்தோமே, அதே விதிதான்: நாய் தெரிந்தால் நல்லது நடக்கும் என்று மனம் மெல்ல மாறும். உங்கள் நாய் வேறு நாயைப் பார்த்துவிட்டுத் தானாகவே உங்கள் முகத்தைப் பார்க்கும் நாள் ஒன்று வரும். அன்றைக்குத்தான் சில அடிகள் முன்னேறலாம். மணிக்கு ஏழு மாதம் ஆயிற்று. பாதியில் ஒரு நாள் எல்லாம் பழையபடி ஆனது, மறுபடி நூறு மீட்டருக்குப் போனோம்.

16. ஐந்து மாதக் குட்டி. ‘எல்லா நாயோடும் பழகவிட்டால்தான் நல்லது’ என்கிறார்களே?

நாய்க்குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 3ஆவது வாரத்திலிருந்து 14ஆவது வாரம் வரை. உங்கள் குட்டி அதைத் தாண்டிவிட்டது. அந்தக் காலத்தில்கூட, பழக்குவது என்றால் நல்ல அனுபவம் கொடுப்பது என்றுதான் பொருள். முன்பின் தெரியாத பெரிய நாய் ஒன்று ஓடி வந்து உருட்டிவிட்டால் குட்டி கற்றுக்கொள்வது பயத்தை. பொறுமையான, உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று நாய்கள் போதும்.

17. என் நாய்தான் முரடு. வருகிற அப்பாவி நாயை இது கடித்துவிட்டால் பழி எங்கள்மேல்தானே?

கடித்தால் வலி அந்த நாய்க்கு, அதனால் இந்தக் கவலை சரியான கவலை. கூடை வடிவ வாய்மூடியைப் பழக்குங்கள். அதற்குள் நாயால் வாயைத் திறந்து மூச்சு வாங்கவும், தண்ணீர் குடிக்கவும், தின்பண்டம் வாங்கவும் முடியும். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை நடைக்கு ஆகாது. நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. ஒரே நாளில் மாட்டிவிடாமல், கூடைக்குள் தீனி வைத்துத் தானாக மூக்கை நுழைக்கவிட்டு, வாரக்கணக்கில் பழக்க வேண்டும். வாய்மூடி போட்ட நாயால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது, ஆகவே 4, 5ஆம் பதில்களில் சொன்னவற்றை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டியிருக்கும்.

கயிற்றில் மஞ்சள் ரிப்பன் கட்டினால் ‘இந்த நாய்க்கு இடம் விடுங்கள்’ என்று பொருள்; பல நாடுகளில் இந்த வழக்கம் பரவியிருக்கிறது. தெரிந்தவர்கள் விலகுவார்கள். தெரியாதவர்கள் என்னவென்று கேட்பார்கள், அதுவும் நல்லதுதான்.

18. உரிமையாளரே இல்லாத நாய்கள் பூங்காவில் கூட்டமாக இருக்கின்றன. அவற்றிடம் என்ன செய்வது?

அவை பெரும்பாலும் தங்கள் எல்லையைத்தான் காக்கின்றன. எல்லை முடிந்ததும் நின்றுவிடும். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்தால் புரிந்துவிடும். அந்த இடத்தைத் தவிர்த்து நடங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் 7ஆம் பதிலில் சொன்னபடி, வந்த வழியே மெல்லத் திரும்புங்கள். கல்லெறியாதீர்கள். இன்று எறிந்த கல்லை அவை உங்களோடும் உங்கள் நாயோடும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும்.

19. பத்து வயது மகள்தான் நாயை நடத்திக்கொண்டு போகிறாள். பரவாயில்லையா?

கூடப் பெரியவர் ஒருவர் இருந்து, நாய்க்கு மாட்டிய இரண்டாவது கயிறு ஒன்று அவர் கையிலும் இருந்தால் பரவாயில்லை. தனியாக வேண்டாம். 12ஆம் பதிலில் உள்ள எதையும் ஒரு குழந்தையால் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. அவளிடம் ஒன்றை மட்டும் சொல்லி வையுங்கள்: பெரிய ஆபத்து வந்தால் கயிற்றை விட்டுவிட்டு மரம்போல அசையாமல் நிற்க வேண்டும், நாயைக் காப்பாற்றப் பாயக் கூடாது.

20. ஒரே ஆள்தான், தினமும் அதே நேரம், அவிழ்த்துத்தான் விடுகிறார். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

நாய் இல்லாத நேரத்தில் ஒரு முறை பேசிப் பாருங்கள். இரண்டு நாய்களும் பக்கத்தில் இருக்கும்போது பேசினால் யாருமே அமைதியாகப் பேச மாட்டார்கள். ‘உங்க நாய் மோசம்’ என்று தொடங்காமல், உங்கள் நாய்க்கு நடந்ததைச் சொல்லுங்கள். நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். நான் கேட்டதில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொள்ளாவிட்டால் தேதி, நேரம், நடந்தது என்ன என்று குறித்து வைத்து, படமும் சேர்த்து, பூங்காவை நிர்வகிப்பவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்ப் புகாரை யாரும் எங்கும் பதிவு செய்வதில்லை. கடிபட்டவர்கள் இன்னும் இருந்தால் சேர்ந்து கொடுங்கள். அதுவரை உங்கள் நடை நேரத்தையோ பாதையையோ மாற்றிக்கொள்ளுங்கள். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும்.

21. இவ்வளவு நேரம் படித்தேன். உண்மையைச் சொன்னால், அவிழ்த்து விடுகிறவர்களில் நானும் ஒருத்தி. என் நாய் கூப்பிட்டால் வரும். நானும் தவறா?

கேட்டதற்கு நன்றி. அவிழ்த்துவிட அனுமதி உள்ள இடமா என்று முதலில் பாருங்கள். அனுமதி இல்லாத இடத்தில் எவ்வளவு பழகிய நாயானாலும் கயிறு வேண்டும், ஏனென்றால் அங்கே பயந்த நாயோடு வருகிறவர்கள் அந்த விதியை நம்பித்தான் வருகிறார்கள்.

அனுமதி உள்ள இடம் என்றால் ஒரு சோதனை. உங்கள் நாய் இன்னொரு நாயை நோக்கி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரே ஒரு முறை கூப்பிட்டு, பாதி வழியில் திரும்பி வருகிறதா? வீட்டில் வருவதும் தீனிக்கு வருவதும் கணக்கில்லை. பத்துக்கு ஒன்பது முறை வந்தால், வராத அந்தப் பத்தாவது முறை எதிரில் மணி மாதிரி ஒரு நாய் நிற்கலாம். அந்தத் திறமை வரும்வரை பத்து மீட்டர் நீளப் பயிற்சிக் கயிற்றை ஹார்னெஸில் மாட்டி, ஆளில்லாத புல்வெளியில் ஓடவிடுங்கள். ஓடிய சுகமும் கிடைக்கும், முனை உங்கள் கையிலும் இருக்கும். கயிற்றில் ஒரு நாய் வருவதைப் பார்த்ததும் உங்களுடையதைக் கூப்பிட்டு, கயிற்றை மாட்டி, பாதையை விட்டு நான்கு அடி ஒதுங்கி நில்லுங்கள். எதிரில் வருகிறவர் உங்களிடம் எதுவும் பேசாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகலாம். கயிற்றைத் தொய்வாக வைத்திருக்க அவர் முழுக் கவனத்தோடு போராடிக்கொண்டிருப்பார்.